நிரல் எழுதத் தெரியாதவர்கள் சொந்தத் தளம் நடத்த எந்த சிஎம்எஸ் ஏற்றது: வேர்ட்பிரஸா, ஜூம்லாவா, ட்ரூபலா?

உங்கள் கேள்வியிலிருந்து நான் புரிந்துகொண்டது: நான்கைந்து பேர் சேர்ந்து, கூகுளின் வலைப்பதிவுச் சேவையான பிளாகரில் தமிழ்க் கட்டுரைகள் வெளியிடுகிறீர்கள். யாருக்கும் நிரல் எழுதத் தெரியாது. சொந்த டொமைனில் (உங்களுக்கென்று வாங்கிய இணையப் பெயரில்) ஒரு தளம் வேண்டும், அதை எந்த சிஎம்எஸ்ஸில், அதாவது கட்டுரைகளை எழுதி அடுக்கி வெளியிட உதவும் எந்த மென்பொருளில் கட்டுவது என்று முடிவுக்கு வர முடியவில்லை.

வேர்ட்பிரஸ் போதும். நான் சொல்வது, ஹோஸ்டிங் (தளத்தை வைக்க வாடகைக்குக் கிடைக்கும் சர்வர் இடம்) வாங்கி நாமே நிறுவிக்கொள்ளும் வேர்ட்பிரஸ். 'வேர்ட்பிரஸ் டாட் காம்' ஒரு நிறுவனம் நடத்தும் சேவை. மென்பொருளை இலவசமாக இறக்கிக்கொள்ளும் இடம் 'வேர்ட்பிரஸ் டாட் ஆர்க்'. இரண்டையும் ஒன்றென நினைத்துப் பணம் கட்டிவிட்டு, பிறகு விழிப்பவர்கள் நிறையப் பேர்.

மாட் முல்லன்வெக், மைக் லிட்டில் இருவரும் பி2 என்ற பழைய வலைப்பதிவு மென்பொருளிலிருந்து கிளைபிரித்து 2003 மே மாதம் வெளியிட்டதுதான் வேர்ட்பிரஸ். இன்று உலகத் தளங்களில் 40 சதவீதத்துக்கும் மேல் அதில்தான் ஓடுகின்றன. இதில் உங்களுக்கு என்ன லாபம் என்றால், நீங்கள் எந்தச் சிக்கலில் மாட்டினாலும் அதில் ஏற்கெனவே ஒருவர் மாட்டி, பதிலும் வாங்கியிருப்பார். ஜூம்லா 2005-இல் மாம்போவிலிருந்து பிரிந்து வந்தது. ஒரே தளத்தைப் பல மொழிகளில் நடத்தும் வசதி அதில் கூடவே வருகிறது, வேர்ட்பிரஸில் அதற்குத் தனி பிளகின் (கூடுதல் வசதி தரும் துணை மென்பொருள்) தேடவேண்டும். ட்ரூபலை டிரீஸ் பைட்டார்ட் 2001-இல் வெளியிட்டார். சிக்கலான தரவு, பல அடுக்கு அனுமதிகள் உள்ள பெரிய நிறுவனத் தளங்களுக்கு அது அருமையான கருவி. ஆனால் அதைத் தெரிந்த ஒரு டெவலப்பர் பக்கத்தில் இருக்கவேண்டும். உங்களிடம் அப்படி ஒருவர் இல்லை, ஆகவே அதை விட்டுவிடுங்கள்.

எதைத் தேர்ந்தெடுப்பது என்பதைவிட, தளம் திறந்த பிறகு அதை யார் கவனிப்பார் என்பதைத்தான் முதலில் முடிவுசெய்யவேண்டும். தளத்துக்குத் தோற்றம் தரும் 'தீம்' மாற்றுவதிலும் வண்ணம் பார்ப்பதிலும் வாரக்கணக்கில் உட்காரும் குழுக்கள், அப்டேட் போடும் பொறுப்பு யாருடையது என்று ஐந்து நிமிடம்கூடப் பேசுவதில்லை. ஒருவர் பெயரைச் சொல்லி எழுதிவையுங்கள். அவர் ஊரில் இல்லாதபோது பார்க்க இன்னொருவர்.

அந்த ஒருவருக்குத் தளத்தின் உள்கூடு தெரிந்திருக்கவேண்டும்; நிரல் தெரிய வேண்டியதில்லை. வேர்ட்பிரஸ் தளம் இரண்டு துண்டுகளாக இருக்கிறது. ஒன்று கோப்புகள்: மென்பொருள், தீம், பிளகின்கள், நீங்கள் ஏற்றிய படங்கள். மற்றொன்று டேட்டாபேஸ். புதிதாக நிறுவிய வேர்ட்பிரஸில் 12 அட்டவணைகள் இருக்கும். நீங்கள் எழுதிய ஒவ்வொரு வரியும் அவற்றுக்குள்தான் உட்கார்ந்திருக்கிறது. வாசகர் ஒரு பக்கத்தைத் திறக்கும்போது சர்வரில் உள்ள பிஎச்பி நிரல் டேட்டாபேஸிலிருந்து எழுத்தையும் தீமிலிருந்து தோற்றத்தையும் எடுத்து, அந்த நொடியில் பக்கத்தைச் செய்து கொடுக்கிறது. அதனால், சர்வரிலிருந்து கோப்புகளை இறக்கும் எஃப்டிபி வழியாகத் தளத்தின் ஃபோல்டரை முழுக்க இறக்கி வைத்துக்கொண்டு 'பேக்கப் எடுத்தாச்சு' என்று இருப்பவரிடம் ஒரு கட்டுரைகூட இருக்காது. படங்கள் மட்டும் இருக்கும். டேட்டாபேஸைத் தனியாக ஏற்றுமதி செய்யவேண்டும், அல்லது இரண்டையும் சேர்த்து எடுக்கும் பேக்கப் பிளகின் போடவேண்டும். எடுத்த நகல் அதே சர்வரில் கிடந்தால் சர்வர் போகும்போது அதுவும் போகும்; வேறிடத்தில் வையுங்கள். அதை ஒருமுறையாவது ஒரு சோதனைத் தளத்தில் ஏற்றித் திறந்து பாருங்கள். திறந்து பார்க்காத பேக்கப்பை நான் பேக்கப் என்று கணக்கில் எடுத்துக்கொள்வதில்லை.

தமிழில் எழுதுபவர்களுக்கென்றே ஒரு சிக்கல் உண்டு. ஆங்கிலத்தில் உள்ள வழிகாட்டிகளில் இது பெரும்பாலும் இருக்காது, அதனால் சற்று விரிவாகவே சொல்கிறேன். கட்டுரைக்குத் தலைப்பு வைத்ததும் வேர்ட்பிரஸ் அதிலிருந்தே பக்கத்தின் முகவரியை உருவாக்குகிறது. அதற்கு டேட்டாபேஸில் ஒதுக்கியிருக்கும் இடம் 200 எழுத்து. ஆங்கிலத் தலைப்புக்கு அது தாராளம். தமிழில் 'ழை' என்பது கணினிக்கு ழகரம் ஒன்று, ஐகாரக் குறி ஒன்று என இரண்டு குறிகள். ஒவ்வொரு குறியும் 3 பைட். முகவரிக்குள் போகும்போது ஒவ்வொரு பைட்டும் ஒரு சதவீதக் குறியும் இரண்டு எழுத்துகளுமாக மாறும். ஆக, ஒரு குறிக்கு 9 எழுத்து செலவு; 22 குறிகளோடு இடம் தீர்ந்துவிடும். 'மழைநீர் சேகரிப்பு ஏன் அவசியம்' என்று தலைப்பு வைத்துப் பாருங்கள். முகவரி 'மழைநீர்-சேகரிப்பு-ஏன்-அவ' என்று பாதிச் சொல்லில் அறுந்து நிற்கும். அதை நகலெடுத்து வாட்ஸ்அப்பில் ஒட்டினால், பல சமயம் சதவீதக் குறிகள் மண்டிய ஒரு நீளச் சரமாக வந்து விழும். அதைப் பார்த்து ஏதோ வைரஸ் லிங்க் என்று பயந்து தொடாமல் விடுபவர்கள் இருக்கிறார்கள். நல்ல கட்டுரைக்கு இப்படி ஆகக்கூடாது.

தீர்வு எளிது. வெளியிடும் பொத்தானை அழுத்துமுன் வலப்பக்கப் பட்டியில் முகவரிக்கான இடத்தைத் திறந்து, ஒன்றிரண்டு தமிழ்ச் சொற்களையோ, ரோமன் எழுத்தில் சுருக்கமாக ஒன்றையோ நீங்களே தட்டச்சு செய்யுங்கள். எந்த முறை என்று குழுவாகப் பேசி ஒன்றையே பின்பற்றுங்கள். வெளியிட்ட பின் மாற்றினால், பதிவுகளைப் பொறுத்தவரை பழைய முகவரிக்கு வருபவரை வேர்ட்பிரஸே புதியதற்கு அனுப்பிவிடும். 'பக்கங்கள்' வகைக்கு அதை நம்பியிருக்க முடியாது.

அப்டேட் பற்றி. "தளம் நன்றாகத்தானே ஓடுகிறது, எதற்குத் தொடவேண்டும்?" என்பார்கள். 2014 அக்டோபர் 15 அன்று ட்ரூபல் 7-இல் ஒரு பெரிய ஓட்டையை அடைத்து அறிவிப்பு வந்தது. அறிவிப்பு வந்த 7 மணி நேரத்துக்குள் அப்டேட் செய்யாத ஒவ்வொரு தளமும் உடைக்கப்பட்டதாகவே எடுத்துக்கொள்ளுங்கள் என்று, அந்த மாத இறுதியில் ட்ரூபலின் பாதுகாப்புக் குழுவே சொன்னது. வேர்ட்பிரஸுக்கும் இதுபோல் நடந்தது. 2017 ஜனவரி 26-இல் வந்த 4.7.2 பதிப்பில் ஓர் ஓட்டையைச் சத்தமில்லாமல் அடைத்தார்கள். தளங்கள் அப்டேட் ஆக அவகாசம் கொடுத்து, விவரத்தை ஒரு வாரம் கழித்தே வெளியிட்டார்கள். அதற்குள்ளும் அப்டேட் செய்யாத ஏராளமான தளங்களின் பக்கங்களில் யார் யாரோ புகுந்து தங்கள் பெயரை எழுதிவிட்டுப் போனார்கள். 2013-இல் வந்த 3.7 பதிப்பிலிருந்து இப்படிப்பட்ட சிறு அப்டேட்கள் தாமாகவே ஏறிக்கொள்கின்றன. யாராவது அதை நிறுத்தி வைக்கச் சொன்னால் கேட்காதீர்கள்.

மைய மென்பொருளைவிட பிளகின்கள் வழியாகத்தான் அதிகத் தொல்லை வரும். ஒரு பிளகினை எடுக்குமுன் அது கடைசியாக எப்போது அப்டேட் ஆனது, எத்தனை தளங்களில் இயங்குகிறது என்று அதன் பக்கத்திலேயே போட்டிருக்கும், பாருங்கள். தேவையில்லாததை டீஆக்டிவேட் செய்வதோடு விடாமல் டெலீட் செய்யுங்கள்; கோப்பு சர்வரில் கிடக்கும்வரை ஆபத்தும் கிடக்கிறது. விலை கொடுத்து வாங்கவேண்டிய தீம் எங்கோ இலவசமாகக் கிடைக்கிறது என்று யாராவது கொண்டுவந்தால் கண்டிப்பாக வேண்டாம், பின்கதவு வைத்த தீம்கள் பெரும்பாலும் அந்த வழியாகத்தான் வருகின்றன.

எல்லோருக்கும் அட்மின் கணக்கு கொடுக்காதீர்கள். எழுதுபவருக்கு 'ஆத்தர்', திருத்துபவருக்கு 'எடிட்டர்' போதும். அட்மின் இருவர் இருக்கட்டும்.

பக்கங்களை இழுத்து அடுக்கி வடிவமைக்கும் பேஜ் பில்டர் பிளகின் வேண்டுமா என்றும் கேட்டிருந்தீர்கள். 2018 டிசம்பரில் வந்த 5.0 பதிப்பிலிருந்து, பத்தி, படம் என்று துண்டு துண்டாக அடுக்கி எழுதும் பிளாக் எடிட்டர் உள்ளேயே இருக்கிறது, கட்டுரைத் தளத்துக்கு அது தாராளம். சில பேஜ் பில்டர்களைப் பின்னாளில் கழற்றினால் கட்டுரை முழுக்கச் சதுர அடைப்புக்குறிகளும் குறியீடுகளும் மிஞ்சும். அதை நூற்றுக்கணக்கான பதிவுகளில் கையால் துடைப்பது கொடுமை.

டொமைனும் ஹோஸ்டிங் கணக்கும் உங்கள் குழுவின் பெயரில், குழுவின் மின்னஞ்சலில் இருக்கவேண்டும். தளம் கட்டிக்கொடுப்பவர் எவ்வளவு நெருங்கியவராக இருந்தாலும் அவர் பெயரில் வேண்டாம். பின்னால் டொமைன் மாற நேர்ந்தால், டேட்டாபேஸில் பழைய முகவரியைத் தேடிப் புதியதைப் போட்டால் ஆயிற்று என்று யாராவது சொல்வார்கள். அங்கே ஒரு பள்ளம் உண்டு. தளத்தின் பல அமைப்புகள் (செட்டிங்ஸ்) அங்கே 'இத்தனை நீளச் சரம்' என்று எண்ணிக்கையோடு சேர்த்துச் சேமிக்கப்பட்டிருக்கும். புதிய பெயரின் நீளம் வேறானால் எண்ணிக்கை பொருந்தாமல், விட்ஜெட்டும் (பக்க ஓரத்தில் வைக்கும் சிறு பெட்டிகள்) தீம் அமைப்பும் காணாமல் போகும். அந்த எண்ணிக்கையையும் சேர்த்துத் திருத்தும் கருவியைத்தான் பயன்படுத்தவேண்டும்; கட்டளைகளைத் தட்டச்சு செய்து வேர்ட்பிரஸைக் கையாள உதவும் டபிள்யூபி-சிஎல்ஐ அதைச் சரியாகச் செய்யும்.

கடைசியாக, பிளாகரில் உள்ள பழைய கட்டுரைகள். அவற்றை உள்ளே கொண்டுவர வேர்ட்பிரஸில் இம்போர்ட்டர் இருக்கிறது, பதிவுகளும் பின்னூட்டங்களும் வந்துவிடும். ஆனால் தமிழில் மட்டும் தலைப்பு வைத்த பதிவுகளுக்குப் பிளாகர் 'பிளாக்-போஸ்ட்' என்றும் அதோடு ஓர் எண்ணும்தான் முகவரியாகக் கொடுத்திருக்கும். கொண்டுவந்த கையோடு ஒவ்வொன்றுக்கும் முகவரியைத் திருத்துங்கள். படங்கள் இன்னும் கூகுள் சர்வரிலிருந்தே வருகின்றனவா என்று சில பதிவுகளைத் திறந்து பாருங்கள். வந்தால் அவற்றையும் உங்கள் தளத்துக்குள் இறக்கிவிடுங்கள். பழைய பிளாகர் தளத்தை உடனே அழிக்கவேண்டாம், தேடுபொறி வழியாக இன்னும் அங்கேதான் பலர் வந்துகொண்டிருப்பார்கள். அதன் முகப்பில் புதிய முகவரியைப் பெரிதாகப் போட்டுவையுங்கள்.