மிஷ்னாவுக்கு அதிகாரம் பிரித்தது யார்?

கேள்வி: பைபிளை அதிகாரங்களாகப் பிரித்தவர் 13ஆம் நூற்றாண்டின் ஸ்டீபன் லாங்டன் என்று படித்தேன். யூதர்களின் மிஷ்னா (வாய்மொழிச் சட்டத் தொகுப்பு), தல்மூத் (அதைப் பற்றிய விவாத உரை) அதிகாரங்களும் அப்படிப் பிற்காலத்தில் வந்தவையா, அல்லது அச்சிட்டவர்கள் போட்டதா?

பதில்: இரண்டும் இல்லை. அச்சுக்கூடம் தந்தது தாள் எண்ணைத்தான். வெனிஸில் டேனியல் பாம்பெர்க் 1520 முதல் 1523 வரை பாபிலோனியத் தல்மூத் முழுவதையும் அச்சிட்டார், இன்றைக்கும் எல்லோரும் சொல்லும் தாள் கணக்கு அந்தப் பதிப்பைப் பின்பற்றியதுதான். அதிகாரம், எபிரேயத்தில் 'பெரெக்', அதைவிட மிகப் பழையது.

மிஷ்னாவை கி.பி. 200 வாக்கில் தொகுத்தவர் ரபி யெகூதா ஹனாசி. அதை மனப்பாடமாக ஒப்பித்துத்தான் வளர்த்தார்கள், ஒப்பிப்பவருக்கு எண்ணைவிடத் தொடக்கச் சொல்தான் கைகொடுக்கும் இல்லையா, அதனால் அதுவே அதிகாரத்தின் பெயராகிவிட்டது. மிஷ்னாவில் பெராகோத் என்ற நூல் 'மாலையில் ஷெமா ஓதுவது எப்போதிலிருந்து?' என்று ஆரம்பிக்கிறது (ஷெமா என்பது தினமும் ஓதும் ஜெபம்). 'எப்போதிலிருந்து' என்பதற்கான சொல் 'மெஎய்மத்தாய்', முதல் அதிகாரத்தின் பெயரும் அதுதான். தல்மூதில் அந்த அதிகாரம் முடிகிற இடத்தைப் பாருங்கள்: 'ஹத்ரான் அலாக் மெஎய்மத்தாய்', அதாவது உன்னிடம் திரும்பி வருவோம், மெஎய்மத்தாய். படித்து முடித்த அதிகாரத்தைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு விடைபெறுகிறார்கள். எனக்கு மிகவும் பிடித்த வரி அது.

சரி, பழையது என்பதற்கு ஆதாரம்? 19ஆம் நூற்றாண்டில் ஆபிரகாம் கைகர் என்ற யூத அறிஞர் கவனித்துச் சொன்னது இது. மிஷ்னாவின் ஆறு பிரிவுகளில் ஒன்றான மோஎத், பண்டிகைகளைப் பற்றியது. அதிலுள்ள நூல்களில் ஷப்பாத்துக்கு 24 அதிகாரம், அப்புறம் எருவின் 10, பெசாகிம் 10, ஷெகாலிம் 8, யோமா 8, சுக்கா 5 என்று குறைந்துகொண்டே போய்க் கடைசியில் ஹகிகா 3. பண்டிகை வரும் வரிசையில் அடுக்கவில்லை, அதிகார எண்ணிக்கையைப் பார்த்து அடுக்கியிருக்கிறார்கள். அப்படியென்றால் நூல்களை வரிசைப்படுத்தியபோதே அதிகாரங்கள் இருந்திருக்க வேண்டும். லாங்டனுக்குப் பல நூற்றாண்டு முன்னாலேயே!

இன்னொன்றும் உண்டு. சேதங்களைப் பற்றிய நெசிகின் முதலில் 30 அதிகாரம் கொண்ட ஒரே நூல். அதைப் பத்துப் பத்தாக வெட்டி முதல் வாசல், நடு வாசல், கடை வாசல் என்று பெயர் வைத்தார்கள். நடு வாசலின் கடைசி அதிகாரம் கீழ் வீடும் மாடியும் இரண்டு பேருக்குச் சொந்தமாக இருந்து இடிந்து விழுந்தால் என்ன செய்வது என்று கேட்கிறது, கடை வாசல் பொது முற்றத்தில் குறுக்குச் சுவர் எழுப்பும் பங்காளிகளோடு தொடங்குகிறது. பேச்சு அறுபடவே இல்லை. விஷயத்தைப் பார்க்காமல் எண்ணி வெட்டியது அங்கே அப்பட்டமாகத் தெரிகிறது.

பிற்காலத்தில் கை படவே இல்லை என்றும் சொல்ல முடியாது. ஆவோத் நூலின் ஆறாம் அதிகாரம் மிஷ்னாவைச் சேர்ந்ததல்ல, பஸ்காவுக்கும் ஷவூஓத் பண்டிகைக்கும் இடையில் வரும் ஆறு ஓய்வுநாட்களில் வாரம் ஒன்றாகப் படிக்கப் பின்னால் சேர்த்தது. சன்ஹெத்ரின் என்ற நூலில் 'ஹேலெக்' என்ற அதிகாரம் மிஷ்னாவில் பத்தாவது, பாபிலோனியத் தல்மூதில் பதினொன்றாவது. அதனால்தான் கற்றவர்கள் இன்னமும் எண்ணைச் சொல்லாமல் 'ஹேலெக்' என்றே சொல்கிறார்கள்.