உருளைக்கிழங்கைக் குடையும் வெள்ளைப்புழுவுக்கு நூற்புழு ஊற்றலாமா?

கேள்வி: ஊட்டியை ஒட்டிய நஞ்சநாடு பக்கம் எங்களுக்கு 60 சென்ட் தோட்டம். கார்போகத்தில் உருளைக்கிழங்கு போடுவோம், அப்புறம் கேரட். போன வருஷம் கிழங்கு எடுத்தபோது பாதிக்குப் பாதி ஓட்டை. கொத்திய இடமெல்லாம் வெள்ளைப்புழு சுருண்டு கிடந்தது. மருந்து போட்டுப் போட்டு அலுத்துவிட்டது. கோயம்புத்தூரில் இருக்கும் அக்கா மகன் ‘நன்மை செய்யும் நூற்புழு’ என்று ஒரு பை வாங்கிக் கொடுத்திருக்கிறான். நூற்புழு என்றாலே எங்கள் ஊரில் பயம். அதைக் காசு கொடுத்து வாங்கி நாங்களே மண்ணில் ஊற்றுவதா? ஊற்றலாம் என்றால் எப்போது, எப்படி?

பதில்: ஊற்றலாம். உங்கள் கிழங்குக்கு அதனால் கெடுதல் வராது. ஆனால் நஞ்சநாட்டுக் குளிரில் அந்தப் பை வேலை செய்யுமா என்பது தனிக் கேள்வி. கடைக்காரர்கள் இதைச் சொல்வதில்லை.

முதலில் பயத்தைப் பார்ப்போம். நூற்புழு என்பது மண்ணில் வாழும், நூல் போல மெல்லிய பொடிப் புழு; அதில் பல வகை உண்டு. நீலகிரி உருளைக்கிழங்குக்காரர்கள் நூற்புழுவுக்கு அஞ்சுவதில் நியாயம் இருக்கிறது. 1961-ல் ஊட்டி விஜயநகரம் பகுதியில் எஃப்.ஜி.டபிள்யூ. ஜோன்ஸ் என்ற விஞ்ஞானி தங்க நிற முட்டைக்கூடு நூற்புழுவைக் கண்டுபிடித்தார். இந்தியாவில் அது கண்ணில் பட்டது அதுவே முதல்முறை. 1971-ல் இங்கிருந்து விதைக்கிழங்கு வெளியே போகத் தடை வந்தது. அதைத் தாங்கி வளர்வதற்காகவே குஃப்ரி ஸ்வர்ணா ரகம் 1985-ல் வெளியானது. பூக்கும் சமயத்தில் செடியை மெதுவாகப் பிடுங்கினால் வேரில் கடுகைவிடப் பொடியாக மஞ்சள் உருண்டைகள் ஒட்டியிருக்குமே, அதுதான் அந்த எதிரி.

அதன் வாயில் ஓர் ஊசி உண்டு. அந்த ஊசியால் வேரைக் குத்திச் சாற்றை உறிஞ்சித்தான் அது பிழைக்கிறது. பையில் இருக்கும் நூற்புழுவுக்கு அந்த ஊசியே கிடையாது. பூச்சியின் உடலுக்குள் நுழைந்தால்தான் அதற்குச் சாப்பாடு. வேருக்குப் பக்கத்திலேயே கிடந்தாலும் பட்டினியாகக் கிடந்து செத்துப்போகும். கிழங்கு, கேரட், முள்ளங்கி எதையும் தொடாது. மண்புழுவுக்கும் மாட்டுக்கும் மனிதருக்கும் தொந்தரவில்லை. இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன்: உங்கள் தோட்டத்தில் ஏற்கெனவே முட்டைக்கூடு நூற்புழு இருந்தால் இந்தப் பை அதைக் கொல்லும் என்று எதிர்பார்க்காதீர்கள். இரண்டுக்கும் சம்பந்தமில்லை.

இது வேலை செய்யும் விதம் விசித்திரமானது. மண்ணில் அலையும் இளம்பருவ நூற்புழு பெரும்பாலும் ஒரு மில்லிமீட்டர் நீளம்கூட இருக்காது. அது வெள்ளைப்புழுவின் வாய், ஆசனவாய், பக்கவாட்டில் இருக்கும் மூச்சுத்துளைகள் வழியாக உள்ளே போகும். நன்மை செய்யும் நூற்புழுவில் ஹெட்டரோராப்டைடிஸ், ஸ்டைனர்நீமா என்று இரண்டு வகை விற்கிறார்கள். ஹெட்டரோராப்டைடிஸ் வகைக்கு ஒரு சின்னப் பல் இருப்பதால் மெல்லிய தோலைக் கிழித்தும் நுழையும். உள்ளே போனதும் தன் குடலில் சுமந்து வந்த பாக்டீரியாவை வெளியே விடும். உண்மையில் புழுவைக் கொல்வது அந்த பாக்டீரியாதான். சின்னப் புழுக்கள் இரண்டு நாளில் முடிந்துவிடும். வெள்ளைப்புழு கெட்டி ஆசாமி, ஒரு வாரத்துக்கு மேலும் இழுக்கும். செத்த புழுவுக்குள்ளேயே நூற்புழு இரண்டு மூன்று தலைமுறை பெருகி, இரண்டு வாரம் போலக் கழிந்ததும் ஆயிரக்கணக்கில் மண்ணுக்கு வந்து அடுத்த புழுவைத் தேடும்.

இப்படிச் செத்த புழுவை அடையாளம் காண்பது சுலபம். ஹெட்டரோராப்டைடிஸ் தாக்கியிருந்தால் புழு செங்கல் நிறத்துக்கு மாறி, தொட்டால் தளதளவென்று இருக்கும், நாறாது. ஸ்டைனர்நீமா வகை என்றால் மங்கின பழுப்பு. கறுத்துப் போய் துர்நாற்றம் அடித்தால் அது வேறு ஏதோ காரணத்தால் அழுகியது, நம் கணக்கில் சேராது.

இனி குளிர் விஷயம். பையைத் திருப்பி, எந்த இனம் என்று படியுங்கள். நம்மூர்க் கடைகளில் பரவலாகக் கிடைப்பது ஹெட்டரோராப்டைடிஸ் இண்டிகா. பெங்களூரில் இருக்கும் தேசிய வேளாண் பூச்சி வளங்கள் பணியகம் இதைத் தூளாகத் தயாரிக்கும் முறையைக் கண்டுபிடித்து, தனியார் கம்பெனிகளுக்குக் கொடுத்திருக்கிறது. இந்த இனம் கோயம்புத்தூர்க் கரும்புத் தோட்டத்தில் கிடைத்து, 1992-ல் பெயர் சூட்டப்பட்டது. அதாவது வெயில் காட்டுப் பிள்ளை. 25 டிகிரிக்கு மேல் சுறுசுறுப்பாக இருக்கும், 20-க்குக் கீழே போனால் சோம்பிவிடும். கூடலூர்ப் பக்கம் வாழை, இஞ்சிக்கு யோசிக்காமல் வாங்கச் சொல்வேன். ஊட்டி, நஞ்சநாடு, இத்தலார் போன்ற 2,000 மீட்டருக்கு மேற்பட்ட ஊர்களில் அதே பையை டிசம்பரிலோ ஜனவரியிலோ உறைபனி விழும் நாட்களில் ஊற்றினால் காசு கரைந்ததுதான் மிச்சம்.

குளிரைத் தாங்கும் இனங்கள் உண்டு. ஸ்டைனர்நீமா ஃபெல்டியே 10 டிகிரி வாக்கிலேயே வேலை செய்யத் தொடங்கும், ஐரோப்பாவில் அதைத்தான் அதிகம் பயன்படுத்துகிறார்கள். வெள்ளைப்புழுவைத் தேடிப் போய்ப் பிடிப்பதில் ஸ்டைனர்நீமா கிளாசெரி நல்ல பெயர் வாங்கியது, ஆனால் அது குளிர்தாங்கும் இனம் அல்ல. ஸ்டைனர்நீமா கார்ப்போகாப்சே என்று பையில் போட்டிருந்தால் கொஞ்சம் நிதானியுங்கள். அது மண்ணின் மேல்பரப்பில் காத்துக் கிடந்து, பக்கத்தில் வருவதைப் பிடிக்கும் ரகம். முட்டைக்கோஸ் நாற்றை இரவில் அறுத்துப் போடும் வெட்டுப்புழுவுக்கு அது அருமை. ஓரடி ஆழத்தில் கிடக்கும் வெள்ளைப்புழுவுக்கு அவ்வளவாகப் பயன்படாது.

அக்கா மகன் வாங்கியது இண்டிகாவாகத்தான் இருக்கும் என்று ஊகிக்கிறேன். அப்படியானால் தூக்கிப்போட வேண்டாம், முதலில் ஒரு சோதனை செய்து பாருங்கள். உங்கள் தோட்டத்து மண்ணையே இரண்டு பழைய பிளாஸ்டிக் டப்பாக்களில் போட்டு, லேசாக ஈரமாக்கி, டப்பாவுக்கு நான்கைந்து வெள்ளைப்புழு விடுங்கள். ஒன்றையொன்று கடித்துக்கொள்ளும் என்பதால் நடுவில் அட்டையால் தடுத்து, ஆளுக்கொரு கேரட் துண்டு வையுங்கள். பைத்தூளில் ஒரு சிட்டிகையைத் தண்ணீரில் கரைத்து இரண்டிலும் தெளியுங்கள். மூடியில் துளை போட்டு, ஒன்றைச் சமையலறையில் அடுப்புக்குக் கொஞ்சம் தள்ளி வையுங்கள், இன்னொன்றைத் தோட்டத்து மண்ணில் கழுத்து வரை புதைத்துவிடுங்கள். பத்துப் பன்னிரண்டு நாள் கழித்துப் பாருங்கள். சமையலறை டப்பாவில் புழு செங்கல் நிறமாகி, தோட்டத்து டப்பாவில் எல்லாம் உயிரோடு நெளிந்தால், சரக்கு நல்லது, மண்தான் குளிர் என்று அர்த்தம். இரண்டிலும் ஒன்றும் ஆகவில்லை என்றால் பையில் இருந்தது செத்த சரக்கு.

மேட்டுப்பாளையம் வழியாக வரும் பைகள் செத்துப்போவது சாதாரணம். வெயிலில் நிற்கும் கார் டிக்கியில் ஒரு மதியம் கிடந்தாலே போதும். உயிர் இருக்கிறதா என்று உடனே தெரிய வேண்டுமானால், அரை ஸ்பூன் தூளைக் கண்ணாடி டம்ளர் தண்ணீரில் கரைத்து, பின்னால் கறுப்புத் துணியைப் பிடித்து, ஜன்னல் வெளிச்சத்தில் பூதக்கண்ணாடியால் பாருங்கள். உயிருள்ளவை வளைந்து நெளியும். ஊசி போல நேராக, அசையாமல் கிடப்பவை பெரும்பாலும் செத்தவை. ஸ்டைனர்நீமா மட்டும் சும்மா கிடந்தே ஏமாற்றும். டம்ளரை உள்ளங்கையில் சற்று நேரம் வைத்துச் சூடுகாட்டிவிட்டு மறுபடி பாருங்கள். இண்டிகா பையை ஃபிரிட்ஜில் வைக்காதீர்கள், அதற்கு ஆகாது. ஊட்டி வீட்டின் நிழலான அலமாரியே போதும்.

எப்போது ஊற்றுவது? ஏப்ரல், மே மாதங்களில் கோடைமழை விழுந்ததும் வெள்ளைப்புழுவின் தாய் தகப்பனான வண்டுகள் மண்ணைவிட்டு வெளியே வந்து இணைசேர்ந்து முட்டையிடும். ஜூன் வாக்கில் குட்டிப் புழுக்கள் இருக்கும். ஆகஸ்டுக்குள் அவை தடித்து, கிழங்கைக் குடையும் பருவத்துக்கு வந்துவிடும். நூற்புழுவால் குட்டிகளைச் சுலபமாகக் கொல்ல முடியும், தடித்த புழுவிடம் பாதிதான் வெல்லும். அதனால் கார்போகக் கிழங்குக்கு மண் அணைக்கும் சமயம்தான் சரியான நேரம். மண்ணைக் கொத்தி அணைப்பதற்கு முன்பு செடியின் தூரில் ஊற்றி, அந்த ஈரத்தோடு மண்ணை ஏற்றிவிட்டால் நூற்புழு வெயிலில் படாமல் வேர்ப்பக்கம் போய்ச் சேரும். ஒரு சாதாரண வெப்பமானியை நாலு அங்குல ஆழத்தில் செருகி, காலை பத்து மணிக்கு மண்ணின் சூட்டைப் பாருங்கள். இண்டிகாவுக்கு 20 டிகிரியாவது வேண்டும். மழைக்காலத்தில் அது கிடைப்பது கஷ்டம், தெற்கு நோக்கிய வெயில் சரிவில் கிடைக்கலாம். கிடைக்காத தோட்டத்துக்குக் குளிர்தாங்கும் இனத்தைத் தேடி வாங்குவதுதான் வழி.

அளவு நினைவில் வைக்கச் சுலபமானது: ஏக்கருக்கு 100 கோடி, அதாவது சென்ட்டுக்கு ஒரு கோடி. கோடி என்றதும் மலைக்க வேண்டாம், தூளில் அது கொஞ்சம்தான். கிராமுக்கு எத்தனை என்று பையில் போட்டிருக்கும், போடாத பையை வாங்காதீர்கள். 60 சென்ட்டுக்கும் ஊற்ற வேண்டுமா என்றால், என் அபிப்பிராயம் வேண்டாம் என்பதே. வெள்ளைப்புழு தோட்டம் முழுக்க ஒரே மாதிரி இருக்காது. காட்டுப்பன்றி கிளறின இடம், எருக்குழிக்குப் பக்கத்துப் பாத்தி, உழும்போது காக்காவும் மைனாவும் மொய்க்கும் இடம், செடி வாடி இழுத்தால் கையோடு வரும் இடம், அங்கெல்லாம் குச்சி நட்டு அடையாளம் வைத்து, அந்தச் சென்ட்டுகளுக்கு மட்டும் முழு அளவு கொடுங்கள். எல்லா இடத்துக்கும் அரைகுறையாகத் தெளிப்பதைவிட இது மேல்.

சாயங்காலம் ஊற்றுங்கள், வெயிலின் புற ஊதாக் கதிர் நிமிஷங்களில் கொன்றுவிடும். சாரல் விழும் நாள் என்றால் ரொம்ப நல்லது. அடைமழை வேண்டாம், சரிவில் எல்லாம் ஓடைக்குப் போய்விடும். மண் முன்பே நனைந்திருக்க வேண்டும், ஆனால் தண்ணீர் தேங்கக் கூடாது, இதுவும் மூச்சு விடுகிற ஜீவன்தான். சென்ட்டுக்குப் பத்து லிட்டர் தண்ணீர் என்று கணக்கிட்டுப் பூவாளியில் ஊற்றுவது உத்தமம். கைத்தெளிப்பானில் போட்டால் நாசிலின் உள்ளே இருக்கும் சல்லடையைக் கழற்றிவிடுங்கள். அடியில் படிந்துவிடும் என்பதால் அடிக்கடி கலக்க வேண்டும். கரைத்ததை மறுநாளுக்கு வைக்கக் கூடாது. அப்புறம் இரண்டு வாரம் மண் காயாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

மருந்தோடு கலக்கலாமா என்றால், கூடாது. குருணை மருந்துகளில் பல, நூற்புழுவையும் சேர்த்தே கொல்வதற்காகத் தயாரித்தவை. அப்படி ஏதாவது போட்டிருந்தால் குறைந்தது இரண்டு வாரமாவது இடைவெளி விடுங்கள். ஃபோரேட் என்ற குருணை மருந்தை மீதி வைத்திருந்தால் அதைத் தொடவே வேண்டாம், 2020 டிசம்பர் 31 முதல் நாடு முழுக்கத் தடை. பூச்சியைக் கொல்லும் மெட்டாரைசியம் பூஞ்சாணம் வேறு கதை. அதை மக்கிய எருவில் கலந்து நடவுக்கு முன்னால் மண்ணில் போட்டு, மண் அணைக்கும்போது நூற்புழு ஊற்றினால் இரண்டும் ஒன்றுக்கொன்று துணை.

மக்காத எருவைப் பற்றி நீங்கள் எழுதவில்லை, ஆனால் நான் சொல்லியாக வேண்டும். பச்சைச் சாணமும் மக்காத எருவும் வண்டை முட்டையிட இழுக்கும். அதைத் தோட்டத்தில் கொட்டிக்கொண்டே நூற்புழு வாங்குவது வீண்செலவு. கோடைமழைக்குப் பிறகு இரவு ஏழு மணியிலிருந்து ஒன்பது வரை விளக்குப்பொறி வைத்து வண்டுகளைப் பிடியுங்கள், பக்கத்துத் தோட்டக்காரர்களையும் வைக்கச் சொல்லுங்கள். வண்டு வேலியைப் பார்த்துப் பறப்பதில்லை.

ஒரு போகத்தோடு புழு ஒழிந்துவிடாது. நூற்புழு சில வாரங்களோ மாதங்களோ மண்ணில் தாக்குப்பிடிக்கும், அடுத்த ஜூனுக்கு நம்பி உட்கார முடியாது. மறுபடி ஊற்ற வேண்டியிருக்கும், புழு குறைந்திருந்தால் குறைவான சென்ட்டுகளுக்கு. அடுத்து வரும் கேரட்டில் வேர் பிளந்து முடிச்சு முடிச்சாக இருந்தால் வெள்ளைப்புழுவைக் குறை சொல்லாதீர்கள், அது வேர்முடிச்சு நூற்புழுவாக இருக்கலாம். அந்த இடத்து மண்ணையும் வேரையும் பையில் கட்டி, தோட்டக்கலைத் துறை அலுவலகத்தில் காட்டிக் கேளுங்கள்.