சென்சார் சான்று இருந்தும் ‘டா வின்சி கோட்’ படத்துக்குத் தமிழ்நாட்டில் ஏன் தடை வந்தது?

2006-ல் ‘ஏ’ சான்று கிடைத்த ஹாலிவுட் படம்தான். ஆனால் இயேசுவுக்கு மனைவியும் பிள்ளையும் இருந்ததாகச் சொல்லும் கதை கிறிஸ்தவர்களைப் புண்படுத்தும், அமைதி கெடும் என்று தமிழக அரசு தடை போட்டது.

குமரி மாவட்டத்தில் அந்த வருத்தம் உண்மையானது. குளச்சலில் எங்கள் வீட்டு மாடத்தில் மெழுகுவர்த்திப் புகை படிந்த இயேசுவின் திருஇருதயப் படம் உண்டு. பாட்டி அதை முத்தமிடாமல் வாசலைத் தாண்டமாட்டார். அவரிடம் போய் ‘வெறும் சினிமாதானே’ என்று என்னால் சொல்ல முடியாது.

சரி, அதற்காகத் தடை நியாயமா? இல்லை என்பேன். கலவரம் வரும் என்ற பயத்தைக் காட்டிச் சான்று பெற்ற படத்தை நிறுத்தக் கூடாது, பாதுகாப்பு கொடுப்பதுதான் அரசின் வேலை என்று 1989-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லியிருந்தது. அப்புறம் சென்னை உயர் நீதிமன்றமும் அந்த வழியில்தான் 2006 ஜூலையில் தடையை நீக்கியது.