ஆற்றில் இறங்கிய பிறகு

அன்புள்ள ஐயா,

என் மகன் இரண்டு ஆண்டுகள் டயாலிசிஸில் இருந்து, 19 வயதில் கர்த்தருக்குள் நித்திரையடைந்தான். ஆறு மாதமாகிறது. "பரலோகத்தில் சுகமாக இருக்கிறவனுக்காக அழுவது விசுவாசக் குறைவு" என்கிறார்கள் சபையில். அழுதுவிடுவேனோ என்று கல்லறைத் தோட்டத்துக்கே போவதில்லை. என் கணவர் அவனைப் பற்றிப் பேசுவதே இல்லை. பரலோகத்தை நம்புகிறேன். பிறகு ஏன் எனக்கு ஆறுதல் வரவில்லை?

ஒரு வாசகி

அன்புள்ள சகோதரிக்கு,

உங்களிடம் அப்படிச் சொன்னவர்கள்மேல் எனக்குக் கோபம் வருகிறது. இறந்துபோன லாசருவை உயிரோடு எழுப்பப்போவதை அறிந்துதான் இயேசு பெத்தானியாவுக்கு வந்தார். ஆனாலும் லாசருவின் சகோதரி மரியாள் அழுவதைக் கண்டு அவரும் கண்ணீர் விட்டார். அவருக்கா விசுவாசம் குறைவு?

உங்கள் கடிதத்தைப் படித்ததும் ஆங்கிலேயப் பிரசங்கியாரும் எழுத்தாளருமான ஜான் பனியன் நினைவுக்கு வந்தார். அனுமதியின்றிப் பிரசங்கித்ததற்காக 1660 முதல் 1672 வரை பெட்ஃபோர்டு சிறையில் கிடந்தவர். இனிப் பிரசங்கிப்பதில்லை என்று ஒப்புக்கொண்டிருந்தால் வீடு திரும்பியிருக்கலாம். வீட்டில் பார்வையற்ற மகள் இருந்தாள். மனைவி மக்களைப் பிரிந்திருப்பது எலும்பிலிருந்து சதையைப் பிய்ப்பதுபோல் இருந்தது என்று எழுதினார். அவர்தான் 1678இல் மோட்சப் பயணத்தின் கதையை வெளியிட்டார். அதைத் தழுவியே நம் எச்.ஏ. கிருஷ்ணப் பிள்ளை 'இரட்சணிய யாத்திரிகம்' பாடினார்.

பனியன் கதையின் முடிவில் பரமநகரம் கண்ணுக்கெதிரே தெரிகிறது. இடையில் ஓர் ஆறு, பாலம் கிடையாது. அத்தனை தூரம் நடந்து வந்த கதாநாயகன் கிறிஸ்தியான் தண்ணீரில் இறங்கியதும் மூழ்குகிறான், அஞ்சி அலறுகிறான். நம்பிக்கைக்குத் தக்கபடிதான் ஆழம் என்று அங்கேயும் சொல்லப்படுகிறது. உங்கள் சபையார் இதைப் பிடித்துக்கொள்ளக்கூடும். ஆனால் கூட வந்த தோழன் அதைச் சொல்லிக் குத்திக்காட்டவில்லை. நண்பனின் தலையை நீருக்கு மேலே தூக்கிப் பிடிக்கப் பெரும்பாடு படுகிறான். "தைரியமாயிரு சகோதரா, எனக்கு அடி தட்டுப்படுகிறது" என்கிறான்.

பரலோக நம்பிக்கையை நான் அப்படித்தான் புரிந்துகொண்டிருக்கிறேன். தண்ணீர் கழுத்தளவு இருக்கும்போதே காலுக்குத் தட்டுப்படும் தரை அது. ஆறு வற்றவில்லையே என்று உங்கள் விசுவாசத்தைச் சந்தேகிக்காதீர்கள். "கண்ணீர் யாவையும் தேவன் துடைப்பார்" என்றுதான் வெளிப்படுத்தின விசேஷம் சொல்கிறது. அழாதே என்று அங்கே ஒருவரும் அதட்டவில்லை.

கல்லறைத் தோட்டத்துக்குப் போங்கள். உங்கள் கணவரையும் கூட்டிச்செல்லுங்கள். அவரும் அதே ஆற்றில்தான் நின்றுகொண்டிருப்பார். அங்கே மகனின் பெயரை நீங்கள் முதலில் சொல்லுங்கள்.