கதையையும் விதிமாற்றத்தையும் எப்படிப் பிரிப்பது

உங்கள் டி அண்ட் டி (Dungeons & Dragons, பகடை உருட்டி ஆடும் கதை விளையாட்டு) இணைப்பில் கதையும் விதிமாற்றங்களும் ஒன்றோடொன்று சிக்கிக் கிடக்கின்றன என்கிறீர்கள். அதற்காகக் கதையை வெட்ட வேண்டாம். விதிமாற்றங்களைக் காட்சிப் பக்கங்களிலிருந்து வெளியே எடுங்கள். பாரமகால் (இன்றைய கிருஷ்ணகிரி, தருமபுரிப் பகுதி) கோட்டைகளை வைத்து நீங்கள் எழுதும் 32 பக்க இணைப்பில், கடைசி 2 பக்கம் முழுக்க ஒரே அட்டவணையாக இருக்கட்டும்: பழைய விதி, புதிய விதி, எந்தக் காட்சிக்கு. காட்சிக்குள் எண் மட்டும் போதும். ஒகேனக்கல் பரிசல் சுழலில் சிக்கினால் "டிசி 15, பக்கம் 31" (டிசி என்பது உருட்டலில் எட்ட வேண்டிய எண்). அவ்வளவுதான்.

ராயக்கோட்டைப் பதுங்குத் தாக்குதலில் சோதனை ஆட்டம் சப்பென்று முடிந்ததற்குக் காரணம் பெரும்பாலும் பதிப்புக் குழப்பம். டி அண்ட் டி 2014 விதிப்படி, எதிர்பாராமல் தாக்கப்பட்டவர் முதல் சுற்றில் தன் முறை வரும்போது நகரவோ செயல்படவோ முடியாது. 2024 விதிப்படி இனிஷியேட்டிவ் (யார் முறை முதலில் என்று முடிவுசெய்யும்) உருட்டலில் டிஸ்அட்வான்டேஜ் (இருமுறை உருட்டிச் சிறிய எண்ணை எடுப்பது) மட்டுமே. பழையதை நம்பி எழுதிய மோதல் புதியதில் பலமிழக்கும். எதிரிகளைக் கூட்டாதீர்கள், சண்டை இழுத்துக்கொண்டே போகும். பாதையைக் குறுக்கி, பதுங்கியவர்களுக்குப் பாறை மறைவு கொடுங்கள். அரை மறைவுக்கு ஏசி (தாக்குபவர் உருட்டலில் எட்ட வேண்டிய எண்) +2. இடத்தை நன்றாக விவரித்தாலே கதையும் விதியும் ஒன்றாகிவிடும்.

சோதிக்க: இணைப்பைப் படிக்காத ஒரு டிஎம்மிடம் (ஆட்டத்தை நடத்துபவர்) காட்சிப் பக்கத்தை மட்டும் கொடுத்து நடத்தச் சொல்லுங்கள். அவர் திணறி நிற்கும் இடத்தில் ஓர் எண் விடுபட்டிருக்கிறது. எந்தக் காட்சியும் தொடாத அட்டவணை வரிகளை நீக்கிவிடுங்கள்.

ஒன்றை மட்டும் பிரிக்காதீர்கள்: நடுகல்லுக்குப் படையலிட்டால் வீரனின் துணை கிடைக்கும் என்ற உங்கள் விதி. அது கதையிலிருந்தே பிறந்தது, காட்சியிலேயே முழுதாக இருக்க வேண்டும்.