கோரல் பெல்ஸ் மடிப்பாக்கத்தில் பிழைக்குமா?

கேள்வி: சியாட்டிலில் மகள் வீட்டு வாசலில் கோரல் பெல்ஸ் வைத்திருக்கிறாள். மரூன், ஆரஞ்சு, வெள்ளி நரம்போடிய பச்சை என்று பூவைவிட இலைதான் அழகு. ஊர் திரும்பும்போது ஒரு செடியோ விதையோ கொண்டு வரலாமா? என் பால்கனி கிழக்குப் பார்த்தது.
– வாசகி, மடிப்பாக்கம்

பதில்: வேண்டாம் அம்மா, மகளிடமே இருக்கட்டும். ஹியூக்கெரா எனப்படும் இது வட அமெரிக்காவின் பாறை இடுக்கிலும் மரநிழலிலும் வளர்கிற செடி. பனிக்காலத்தில் ஓய்வெடுத்து, குளிர் விட்டதும் புது இலை விடும். நம்மூரில் அந்த ஓய்வு ஏது? பகல் வெயிலை நிழல்வலை கட்டிச் சமாளிக்கலாம். சித்திரை இரவின் புழுக்கத்தை என்ன செய்வீர்கள்? ராத்திரியும் சூடு தணியாவிட்டால், பகலில் சேர்த்த சர்க்கரையைச் செடி சுவாசத்திலேயே தீர்த்துவிடும். தப்பிப் பிழைத்தாலும் ஐப்பசி மழை விடாது. இலைகளெல்லாம் மண்ணை ஒட்டிய ஒரே குருத்திலிருந்து கிளம்புவதால், அங்கே ஈரம் தங்கினால் அழுகல்தான். மேலே இலை நன்றாகவே தெரியும். லேசாக இழுத்தால் வேரில்லாமல் கொத்தோடு கையில் வரும், அடியில் பழுப்பாகக் கொழகொழவென்று.

சட்டமும் குறுக்கே நிற்கிறது. 2003-ஆம் ஆண்டின் தாவர இறக்குமதி ஆணைப்படி அனுமதிச் சீட்டு, அந்நாட்டின் நோயின்மைச் சான்றிதழ் எல்லாம் வேண்டும். விதைக்கும் கட்டுப்பாடு உண்டு. தவிர, கலப்பின ரகத்தின் விதையில் தாய்ச்செடியின் நிறம் அப்படியே வராது. பெட்டியில் புடவைக்கு நடுவே சுருட்டி வைக்கும் யோசனை இருந்தால் விட்டுவிடுங்கள்!

உங்களுக்கு வேண்டியது இலையின் நிறம்தானே? காலை வெயில் மட்டும் விழும் பால்கனிக்குக் கோலியஸை மிஞ்ச ஆளில்லை. மரூன், எலுமிச்சைப் பச்சை, செங்கல் நிறம் மூன்றையும் ஒரே அகலத் தொட்டியில் நெருக்கி வையுங்கள். செம்மண் இரண்டு பங்கு, மண்புழு உரம் ஒரு பங்கு, ஆற்றுமணல் ஒரு பங்கு போதும். மழைக்காலத்தில் ஈரம் தேங்கும் என்பதால் நான் கோகோபீட் (தென்னை நார்த்தூள்) சேர்ப்பதில்லை. பூக்கதிர் தலைகாட்டியதும் கிள்ளிவிடுங்கள், இல்லாவிட்டால் செடி நெட்டையாகப் போய்விடும். கிள்ளிய நுனியைத் தண்ணீரில் போட்டால் வேர் விடும், அடுத்த தொட்டிக்கு ஆயிற்று. இலையடியில் பஞ்சு மாதிரி மாவுப்பூச்சி தெரிந்தால், ஒரு லிட்டர் தண்ணீருக்கு 5 மில்லி வேப்பெண்ணெய், கொஞ்சம் சோப்புக் கரைசல் கலந்து சாயங்காலம் தெளியுங்கள்.

சிவப்புப் பூவும் வேண்டுமென்றால் ரஸ்ஸீலியா. மெக்சிகோக்காரர், நம் வெயிலுக்கு அசரமாட்டார். கைப்பிடியோரம் நல்ல வெயில் படும் இடத்தில் தொங்கவிடுங்கள். அமெரிக்காவில் கோரல் பெல்ஸைத் தேடி ஹம்மிங்பேர்ட் வரும், இங்கே ரஸ்ஸீலியாவுக்குத் தேன்சிட்டு வரும்.

கேள்வி: கொடைக்கானலில் இருக்கும் என் தங்கைக்குக் கோரல் பெல்ஸ் வாங்கித் தரலாமா?
– வாசகர், அண்ணாநகர்

பதில்: தாராளமாக. ஆனால் இங்கே உள்ள நர்சரியில் செடியாகக் கிடைத்தால் மட்டும். பெருமழை ஓய்ந்த பிறகு, தண்ணீர் வடியும் சரிவில், மத்தியான நிழல் விழும் இடமாகப் பார்த்து நடச் சொல்லுங்கள். இரண்டு மூன்று வருடத்தில் தண்டு மண்ணுக்கு மேலே எழும்பி, இலைக்கொத்துக்குக் கீழே கழுத்து மாதிரித் தெரியும். அப்போது தோண்டி, வேரோடு பிரித்து, கழுத்து வரை மண்ணில் இறக்கி நட வேண்டும். குருத்து மட்டும் மூடக் கூடாது.