தமிழ்நாட்டின் கடன் யார் தலையில்? கேள்வி பதில்

கேள்வி: குடும்பத்துக்கு 2.63 லட்சம் ரூபாய் கடன் என்று 2021-ல் சொன்னார்களே, நாங்கள் எப்போது வாங்கினோம்?

பதில்: அப்போதைய நிதியமைச்சர் பழனிவேல் தியாகராஜன் 2021 ஆகஸ்ட் 9 அன்று வெளியிட்ட வெள்ளை அறிக்கையின் கணக்கு அது. 5.70 லட்சம் கோடி கடனை 2.16 கோடி குடும்பங்களால் வகுத்தால் 2,63,976 வரும், அவ்வளவுதான். யார் வீட்டுக்கும் வசூலுக்கு ஆள் வராது, அரசுதான் நம் வரியிலிருந்து கட்டும். ஆனால் அந்தக் கடனில் கட்டிய பாலத்தையும் பள்ளியையும் யாரும் இப்படி வகுத்துக் காட்டுவதில்லை.

கேள்வி: கடனை ஏற்றியது அதிமுகவா, திமுகவா?

பதில்: இரண்டும்தான். 2001-ல் ஆட்சிக்கு வந்த அதிமுகவும் முந்தைய ஆட்சியைக் குறை சொல்லி வெள்ளை அறிக்கை வெளியிட்டது. 2011-12, 2012-13 ஆண்டுகளில் வருவாய் உபரி, அதாவது அன்றாடச் செலவு போக வரவில் மிச்சம் இருந்தது. அதிமுக ஆட்சியில் 2013-14ல் தொடங்கிய வருவாய்ப் பற்றாக்குறை, அதாவது அன்றாடச் செலவுக்கே வரவு போதாத நிலை, கொரோனா ஆண்டில் 61 ஆயிரம் கோடியைத் தாண்டி, திமுக போட்ட 2025-26 பட்ஜெட்டிலும் 41,634 கோடியாக நின்றது.

கேள்வி: அப்போ கடனே வாங்கக் கூடாதா?

பதில்: தாராளமாக வாங்கலாம், எதற்கு என்பதுதான் கேள்வி. சென்னை மெட்ரோ இரண்டாம் கட்டத்துக்கு 63,246 கோடி, பெரும்பகுதி கடன். அதில் நம் பேரப்பிள்ளைகளும் போவார்கள், அவர்கள் ஒரு பங்கு கட்டுவதில் அநியாயம் இல்லை. சம்பளம், ஓய்வூதியம், மானியம், பழைய கடனுக்கு வட்டி என்று அந்தந்த வருடமே தீர்ந்துபோகும் செலவுக்கும் கடன் வாங்கினால் அவர்களுக்கு மிஞ்சுவது பில் மட்டும்தான். 2025-26 பட்ஜெட்டில் நிதிப் பற்றாக்குறை, அதாவது கடன் வாங்கி அடைக்க வேண்டிய மொத்தத் தொகை, சுமார் 1.07 லட்சம் கோடி, அதில் வருவாய்ப் பற்றாக்குறை 41,634 கோடி, அதாவது 100 ரூபாய் கடனில் 39 ரூபாய் இப்படிப் போனது. மொத்தக் கடனைச் சொல்லிச் சண்டை போடுகிறவர்கள் இந்த 39-ஐப் பேசுவதே இல்லை, எனக்குக் கோபம் வருவது அங்கேதான்.

கேள்வி: மகளிர் உரிமைத் தொகையை நிறுத்தினால் சரியாகிவிடுமா?

பதில்: ஆகாது. 2025-26ல் அதற்கு ஒதுக்கியது 13,807 கோடி, வருவாய்ப் பற்றாக்குறை என்ற ஓட்டை அதைப்போல மூன்று மடங்கு. மாதம் 1,000 ரூபாய் ஒரு தாய் கையில் போவது பிள்ளையின் சாப்பாட்டுக்கும் படிப்புக்கும்தான் என்பதால் எனக்கு அந்தத் திட்டம் வேண்டும். ஆனால் வரிப் பணத்தில் கொடுக்க வேண்டும், கடனில் அல்ல. சொத்து வரி, மின் கட்டணம் ஏறும்போது எதிர்க்கட்சியாக இருப்பது யாராக இருந்தாலும் போராட்டம் அறிவிக்கிறார்களே, அப்புறம் பணம் எங்கிருந்து வரும் என்றும் அவர்கள்தான் சொல்ல வேண்டும்.

கேள்வி: யாரிடம் வாங்குகிறோம்?

பதில்: பெரும்பகுதி ரிசர்வ் வங்கி நடத்தும் பத்திர ஏலத்தில். வாங்குவது வங்கிகள், இன்சூரன்ஸ் நிறுவனங்கள், வருங்கால வைப்பு நிதிகள்.

கேள்வி: இலங்கை மாதிரி ஆகிவிடுமா?

பதில்: அந்தப் பயம் வேண்டாம். 2022 ஏப்ரலில் இலங்கை நிறுத்தியது வெளிநாட்டுக் கடன் தவணையை, கையில் டாலர் இல்லாததால். நம் கடனில் பெரும்பகுதி ரூபாயில் இருக்கிறது, மாநிலம் எவ்வளவு வாங்கலாம் என்பதற்கு மத்திய அரசின் வரம்பும் உண்டு. கவலைப்பட வேண்டியது வட்டிக்கு: 2025-26ல் 70 ஆயிரம் கோடிக்கு மேல், வருவாயில் 100-க்கு 21 ரூபாய். புதுப் பள்ளி, ஆஸ்பத்திரி என்று எது கேட்டாலும் மிச்சம் 79-க்குள்தான் அடங்க வேண்டும்.